ஆணி பிடுங்கிய படகு

என் சைக்கிள்கடை மச்சானுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறை என்று நானே நிறுத்திக்கொண்டேன். சேதி நிறைய இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கிறது. யார் கண்ணில் பட்டாலும் படட்டும் என்று உங்களுக்கே எழுதிவிட்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. கடையை உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நயா பைசா வந்துவிட்டதல்லவா, 'மணிக்கு ஒரு அணா' என்று நீங்கள் எழுதிவைத்த பலகையை அழித்து 'ஆறு நயா பைசா' என்று எழுதியிருக்கிறாராம். கோட்டைச் சுவரில் இன்னும் கொஞ்சம் செங்கல் உதிர்ந்துவிட்டது. நீங்கள் போன நாளிலிருந்து நான் இருந்த இத்தா முடிந்துவிட்டது. நாலு மாதமும் பத்து நாளும் நான் வாசல் படலைத் தாண்டவில்லை. வெள்ளைப் புடவையும், தொழுகையும், முற்றத்தில் குப்புறக் கிடந்த உங்கள் படகும்தான் துணை.

அந்தப் படகைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கல்யாணமான புதிதில், மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கடலிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் சும்மா கேட்டுவைத்தேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து மீன்கார மாணிக்கத்திடம் ஒரு பழைய கரைவலைப் படகை வாங்கி, படலைப் பிரித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, "கேட்டியே ஜைனபு, பதிலு கொண்ணாந்துகீறேன்" என்றீர்கள். மறந்தே போயிருந்தேன் மச்சான், சத்தியமாக.

நம் கரையில் அந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகையின் ஓரமெல்லாம் ஓட்டை போட்டு, சேரும் இடத்தில் வைக்கோல் பிரி வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். நீங்களோ சைக்கிள்காரர். ஆடுவது எதைக் கண்டாலும் முடுக்கிவிட வேண்டும் உங்களுக்கு. தையலை எல்லாம் அறுத்துப் போட்டீர்கள். செங்கல்பட்டு பஜாரிலிருந்து ஒரு சாக்கு ஆணி வந்தது. எனக்கு வெயில் படாமலிருக்க, படகிலேயே செய்யூர்ச் சவுக்கில் நாலு கால் நட்டு மேலே கீற்று வேய்ந்தீர்கள். நான் உட்கார ஒரு பலகை. மழைக்காலம் பூராவும் நம் வீட்டில் சுத்தியல் சத்தம்தான்.

"தையலைப் பிரிச்சா தையல் போட்டுத்தான் சேக்கணும் மச்சான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "நீ ரவிக்கை தைக்கிறதோட நிறுத்திக்க" என்றீர்கள். சுருக்கென்றது. தையல் மிஷினை அன்றைக்கு ஓங்கி மிதித்தேன், உங்களுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். முகத்துவாரத்தில் மூன்றாவது அலை. பலகைகள் வாய் பிளந்து, கீற்றுக் கூரை அலையோடு போய், நீங்களும் மாணிக்கமும் நீந்தி வந்தீர்கள். சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்ற உங்களைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் வாயில் வேறு மாதிரி வந்தது. "பஞ்சர் ஒட்டுறவருக்குப் படகு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள். அலை ஒதுக்கிய படகை மறுநாள் ஆட்கள் இழுத்துவந்து முற்றத்தில் குப்புறப் போட்டார்கள். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் காய்ச்சல். அந்தக் காய்ச்சலில் என்னென்னவோ பிதற்றினீர்கள், என் பெயரைத் தவிர. ஏன் மச்சான், அவ்வளவு கோபமா?

அடக்கம் முடிந்த வாரமே உங்கள் அண்ணன் வந்தார். இத்தாவில் என்னைப் பார்க்கக்கூடாதல்லவா, படலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். "தம்பி உசுரைக் குடிச்ச கட்டைம்மா அது. வூட்ல வெச்சிக்க வாணாம். உன் இத்தா முடியட்டும், சுண்ணாம்புக் காளவாய்க்காரன் வண்டி கொண்டாருவான், வெறகுக்கு வெட்டி எடுத்துகினு பூடுவான்." நல்ல மனுஷர்தான். அவர் அழுதுகொண்டே சொன்னதும் எனக்குக் கேட்டது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உடைந்த படகைத்தானே வெட்டுவார்கள், மிதக்கிற படகை யார் வெட்டுவார்கள்? வண்டி வருவதற்குள் அதை மிதக்க வைத்துவிட வேண்டும். நான் வெளியே போகக்கூடாது, சரி. படகு உள்ளேதானே கிடக்கிறது!

உங்கள் கருவிப்பெட்டியைத் திறந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு ஆணிக்கு நபி பேரில் ஒரு சலவாத்து என்று கணக்கு. மீன் கொடுக்க வந்த மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு வாயைப் பிளந்தாள். "இன்னாம்மா இது, இத்தால குந்திகினு இந்த வேலை?" என்றாள். சொன்னேன். கூடையை மூலையில் தள்ளிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். இரண்டு பேர் இருந்தால்தான் அந்தத் தையல் ஆகும். உள்ளே இருந்து ஒருத்தி கயிற்றைக் கொடுக்க, வெளியே இருந்து ஒருத்தி இழுக்க வேண்டும். அவளும் அதற்கு முன் தைத்ததில்லை. அது ஆம்பிளை வேலையாம்.

ஆம்பிளை படலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மாணிக்கம் உள்ளே வரக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பாவம், காதை மட்டும் கொடுத்தார். "தட்டும்மா! டொக்குனு கேக்குதா? அப்போ பிரி பத்தல. அவுத்துட்டு இன்னொரு பிரி வையி." நாங்கள் தட்டுவோம். "ம்ம், அப்படித்தான்" என்று பீடியைப் பற்றவைப்பார். ஒருநாள் அஞ்சலை, "கண்ணால பாக்காமலே இத்தினி அதிகாரம்! வூட்ல ஒரு சொம்பு எடுத்துக் குடுக்க மாட்டாரு" என்றாள். உங்களை அடக்கம் செய்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

படகைக் குப்புறவே நாலு கல்மேல் தூக்கி வைத்திருந்தோம். நான் அடியில் நுழைந்து உட்கார்ந்துகொள்வேன். மச்சான், அந்த இடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? நீங்கள் அடித்த ஆணியின் ஓட்டைகள் வழியாக வெயில் உள்ளே இறங்கும். என் வெள்ளைப் புடவை மேல் சின்னச் சின்னப் பொட்டாக விழும். வெயில் நகர நகர அந்தப் பொட்டுகள் மடியிலிருந்து கைக்கு, கையிலிருந்து பலகைக்கு என்று மெல்ல நடக்கும். கடல் சத்தம் பலகைக்குள் வந்து தங்கிவிடும். சில மதியங்களில் அங்கேயே கண்ணயர்ந்துவிடுவேன். படகு ஏதோ ஒரு நீலத்தில் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பீர்கள். கூப்பிட்டால் திரும்பிவிடுவீர்களோ, கலைந்துவிடுவீர்களோ என்று கூப்பிடவே மாட்டேன். அந்த முதுகுக்காகவே அடுத்த நாளும் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு உள்ளே நுழைவேன்.

அப்படி ஒருநாள் உள்ளே நான், வெளியே அஞ்சலை. கயிறு போய்க்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "படகை வாங்கச்சொல்லோவே எங்க ஆளு சொன்னாரும்மா, இதுக்கு ஆணி ஆவாது, அலை அடிச்சா வளையணும்னு. உங்க வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'கவுறு எப்ப வேணா அறுந்துடும் மாணிக்கம். இதுல குந்தப் போறது என் ஜைனபு. ஆணி அடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்'னாரு."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் வெளியே இருந்து இழுக்கிறாள், கயிறு போகவில்லை. "இன்னாம்மா, கவுறு மாட்டிக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவ்வளவு பெரிய பயத்தை மனதில் வைத்துக்கொண்டு, ரவிக்கை தைக்கிறதோட நிறுத்திக்க என்றா சொல்வீர்கள்? இதை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? சரி, நான் மட்டும் என் பயத்தைச் சொன்னேனா?

உங்கள் ஆணியையும் வீணாக்கவில்லை. ஓட்டைகளில் தேங்காய் நார் அடைத்தேன். ஆணிகளை நிமிர்த்தி, நான் உட்காரும் பலகையை அவற்றாலேயே அடித்தேன். அந்தப் பலகை வளைய வேண்டியதில்லையே.

இத்தா முடிந்த மறுநாள் சொன்னபடி வண்டி வந்தது. உங்கள் அண்ணன், காளவாய்க்காரன், கோடாலி. நான் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "பெரிய மச்சான், வெட்டறதுக்கு முன்னால ஒரு தரம் தண்ணில போட்டுப் பாத்துடலாம். முழுவிச்சுன்னா நானே கோடாலி எடுத்துக் குடுக்குறேன்" என்றேன். அவர் படகைச் சுற்றி வந்தார். ஒரு தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு காளவாய்க்காரனிடம், "வண்டில ஏத்துப்பா, உப்பங்கழிக்கு வுடு" என்றார்.

மிதந்தது மச்சான். நான் ஏறினேன், அஞ்சலை ஏறினாள், மாணிக்கம் துடுப்பு எடுத்தார். பத்து முழம் போவதற்குள் காலடியில் ஈரம். கரையில் உங்கள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா, தண்ணி வருது! எறங்கும்மா!" என்று கத்தினார். மாணிக்கம் சிரித்தார். "தைச்ச படகுன்னா தண்ணி வரும் பாய். மோந்து ஊத்திகினே போவணும். அவ்ளோதான் சமாச்சாரம்." தண்ணீர் மொள்ள நான் எடுத்துப் போயிருந்தது, ட்யூபை முக்கிப் பஞ்சர் பார்ப்பீர்களே, அந்தத் தகரச் சட்டி. அதுதான் கைக்கு வந்தது.

முகத்துவாரத்தில் அதே அலை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். என் காலுக்குக் கீழே பலகை மெல்ல வளைந்தது, வளைந்து திரும்பி வந்தது. கயிறு கொஞ்சம் முனகியது. கண்ணைத் திறந்தால் அலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம். அன்றைக்கு அவ்வளவுதான் போனோம். திரும்பி வந்தபோது கோடாலி வண்டியிலேயே கிடந்தது. உங்கள் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, படகின் மூக்கைப் பிடித்து இழுத்தார்.

மாசி மாதம் கடல் அடங்கிவிடும் என்கிறார் மாணிக்கம். மாசியில் மகாபலிபுரத்துக்குக் கடல் வழியாகவே போவேன். கோயில் அங்கிருந்து எப்படி இருக்கிறது என்று பார்த்து வந்து, முதலில் உங்களிடம் சொல்வேன். வழியெல்லாம் தண்ணீர் வரும், வரட்டும். பஞ்சர் ஒட்டுறவருக்குப் படகு எதுக்கு என்று கேட்ட இந்த வாய் மூடியிருக்கும். உங்கள் சட்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டே போவேன்.

இப்படிக்கு,
ரவிக்கை தைப்பதோடு நிறுத்திக்கொள்ளாத உங்கள் மாமன் மகள்,
ஜைனபு
சதுரங்கப்பட்டினம்