ஆப்பிள் மட்டும் அனுமதி

மார்ச் 3

எங்கள் ஓவனின் மிகக் குறைந்த சூடு எழுபது டிகிரி. எனக்குத் தேவை அறுபது. கதவிடுக்கில் மரக்கரண்டியின் காம்பைச் செருகி வைத்ததில் அறுபத்திரண்டில் நின்றது. தெர்மாமீட்டர் கல்லூரி ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்தது. ஆப்பிளைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, எலுமிச்சை கலந்த நீரில் முக்கி, துடைத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பினேன். மதியத்தில் ஒருமுறை புரட்டினேன்.

இத்தனை ஏற்பாடும் அப்பாவுக்காக. அவருடைய சிறுநீரகங்கள் பெயரளவில்தான் வேலை செய்கின்றன. பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கினால் இதயம் நின்றுவிடும் என்று மருத்துவர் அவர் எதிரிலேயே சொன்னார். உலர்ந்த ஆப்ரிகாட் கூடாது, திராட்சை கூடாது, வாழைப்பழம் கூடாது. நாக்கு கேட்டால் ஆப்பிளில் இரண்டு மூன்று துண்டு.

அப்பாவின் நாக்கு கேட்பதோ ஆப்ரிகாட்டை மட்டுமே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காலையில் கூண்டுக்குள் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். அதுவரை சட்டைப்பையில் இருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட்தான் ஆகாரம். வீடு திரும்பியதும் மிச்சத்தைத் தம்பியின் உள்ளங்கையில் வைப்பார். அந்த நேரத்தில் எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை இருந்தது.

மார்ச் 4

முதல் தட்டு வெற்றி என்றே நினைத்தேன். சூட்டோடு தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். ஆறவிட்டு, ஒரு வில்லையை மடித்துக் கிழித்து, கிழிந்த இடத்தில் ஈரம் கசியவில்லை என்பதை உறுதி செய்தேன். பாட்டிலில் அடைத்தால் ஒரு வருடம் கெடாது.

அப்பா ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் உருட்டினார். பிறகு கைக்குட்டையில் துப்பினார்.

"புரொபசரே, இது திங்கறதா, ஷூவுக்கு அடியில போடறதா?"

என் மனைவி சிரிப்பை அடக்கவில்லை. "ஏங்க, மாமாவுக்கு இருக்கறது பல் செட்டு. ஒரு வருஷம் கெடாம இருந்து என்ன பண்ண? அவர் இன்னிக்கில்ல திங்கணும்?"

சரியான கேள்வி. தட்டைக் கழுவினேன்.

மார்ச் 9

இரண்டு மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிட்டேன். நடுவில் சற்று ஈரம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மூன்று வில்லைகளைத் தின்றார். பாராட்டு எதுவும் இல்லை.

மார்ச் 16

தம்பி வந்து போயிருக்கிறான். நான் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவதே அவன் வழக்கம். பழைய கார்களை வாங்கி விற்பவன். எதையும் பளபளவென்று துடைத்துக் காட்டத் தெரியும். அப்பா மாலை முழுவதும் உற்சாகமாக இருந்தார். நான் நீட்டிய வில்லைகளைப் பார்த்து, "வயிறு நிறைஞ்சிருக்குடா பெரியவனே, நீயே சாப்பிடு" என்றார்.

மார்ச் 24

இரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் ஏறியிருக்கிறது. மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "வீட்டுல வேற யாராவது எதாவது குடுக்கறாங்களா?"

"வாய்ப்பே இல்லை. உணவு முழுவதும் என் பொறுப்பு" என்றேன்.

அப்பா ஜன்னல் வழியே எதையோ சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பிள் மீதே சந்தேகப்பட்டேன். வில்லையைப் பாதியாக்கினேன். முப்பது வருடம் வேதியியல் கற்பித்தவன், ஒரு ஆப்பிள் துண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்!

மார்ச் 27

அப்பாவின் நீலச் சட்டையைத் துவைக்கப் போடும்போது மனைவி கூப்பிட்டாள். பையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிசின். கிள்ளி முகர்ந்தேன். ஆப்ரிகாட்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சந்தேகம் இருந்துச்சு."

"சொல்லவில்லையே."

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னும் தெரியும்ல."

இந்தக் குடும்பத்தில் மூன்று பேர் அறிந்திருந்த ஒன்றை நான் ஒருவன் மட்டும் அறியாமல், தினமும் காலையில் எழுந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பிக்குத் தொலைபேசினேன். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தினால் அவன் அழுவான், அழுதால் ஜெயித்துவிடுவான்.

"அண்ணா, பழம்ணா அது. விஷமா குடுத்தேன்?"

"அவருடைய உடம்பில் அது விஷம்தான். மருத்துவர் சொன்னபோது நீயும் எதிரில் உட்கார்ந்து கேட்டாய் அல்லவா?"

"அவரே கேட்டாருண்ணா. ரெண்டே ரெண்டு குடுடான்னாரு. நீ குடுக்க மாட்ட. அப்ப யாருதான் குடுக்கறது?"

"உயிரோடு வைத்திருப்பது என் வேலை. சந்தோஷப்படுத்துவது உன் வேலை. பங்கீடு நன்றாக இருக்கிறது."

வைத்துவிட்டான்.

அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் வழக்கம்போல் மூன்று வில்லைகள். வழக்கம்போல் தின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். — எப்படி முடிகிறது அவரால்?

ஏப்ரல் 2

ஓவனைத் தொடவில்லை.

ஏப்ரல் 6

காலையில் அப்பாவால் எழ முடியவில்லை. கால்கள் துணியாகத் துவண்டு கிடந்தன; நாடி விட்டுவிட்டு அடித்தது. மருத்துவமனையில் ஏதேதோ ஊசிகள், கம்பிகள், திரையில் ஒரு பச்சைக்கோடு. தப்பினார்.

தம்பி நடைக்கூடத்திலேயே சுவரில் தலையைச் சாய்த்து அழுதான். செவிலி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சேதி கேட்டு வந்திருந்த அத்தை அவன் முதுகைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, மருத்துவமனை முழுதும் கேட்கும்படியான இரகசியக் குரலில் சொன்னாள்:

"அது கூடாது இது கூடாதுன்னு மனுஷனை வத்தலாக்கிட்டியேடா. உடம்புல தெம்பு இருந்தாத்தானே எந்திரிப்பாரு?"

தம்பி தலையை உயர்த்தினான். ஒரு வாக்கியம் போதும். 'அத்தை, அண்ணன் இல்லை, நான்தான்.' வாயைத் திறந்தான். மூடினான். மூக்கைச் சிந்தினான்.

நானும் சொல்லவில்லை. பெருந்தன்மையா? இல்லை. அவன் சொல்கிறானா என்று பார்க்க விரும்பினேன். பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 11

இனி உணவுக் கட்டுப்பாடு மட்டும் பலிக்காது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் வேண்டும் என்கிறார் மருத்துவர். அப்பா தெளிவாக மறுத்துவிட்டார்.

"கிரேன் கூண்டுல தனியா உக்காந்தே பாதி ஆயுசு போச்சு. இன்னொரு மெஷின்ல கட்டிப்போட்டு உக்காத்தி வைக்காதீங்க டாக்டர்."

"செய்யலைன்னா சில வாரந்தான் பெரியவரே."

"நான் எங்க போகப்போறேன், வீட்டுலதானே இருக்கப்போறேன்."

வாதிட்டேன். புள்ளிவிவரங்கள் சொன்னேன். டயாலிசிஸ் செய்துகொண்டு பல வருடங்கள் வாழ்பவர்களைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு என் கையைத் தட்டினார். "நீ நல்லா பாத்துக்கிட்டடா. இப்ப விடு."

விடு. இருபத்தைந்து வயதில் வீட்டுச் சுமையைத் தலையில் ஏற்றும்போது யாரும் சொல்லாத சொல்.

ஏப்ரல் 14

வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இனி எதைக் கேட்டாலும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். தம்பிக்கு நானே தகவல் சொன்னேன். "இனி ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். வாசல் வழியாகவே கொண்டு வா. என் எதிரிலேயே ஊட்டு."

"வர்றேண்ணா."

ஏப்ரல் 19

வரவில்லை.

ஏப்ரல் 22

அப்பா வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்புகிறார். மறுபடி தம்பியை அழைத்தேன்.

"என்னால அவரை அப்படிப் பாக்க முடியலண்ணா. உனக்கு மனசு கல்லு, தாங்கிப்ப."

"ஆமாம். கல்தான். வசதியாக ஏறி உட்காரலாம்" என்றேன்.

இப்போது தெளிவாகிறது. கூடாததைக் கொடுத்தபோது அவன் பிரியமான பிள்ளை. கூடும் என்று ஆனபின் அதில் மீந்திருப்பது சாவு மட்டும். அதற்கு அவனுக்கு நேரமில்லை. மனைவியிடம் இதைச் சொன்னேன். "சரிதான். ஆனா மாமா வாசலைப் பாக்கறாரே, அதுக்கு என்ன செய்யறது?" என்றாள்.

ஏப்ரல் 24

கடையில் வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட்டை அப்பாவால் மெல்ல முடியவில்லை. ஈறு சுருங்கி பல் செட்டு நிற்பதில்லை. நீரில் ஊறவைத்தால் சுவை நீரோடு போய்விடுகிறது. தட்டை ஒதுக்கிவிட்டார்.

சந்தை முழுவதும் சுற்றிப் புதுப் பழம் ஒரு பெட்டி வாங்கினேன். நன்கு பழுத்தவை மட்டும். பாதியாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினேன். ஆப்பிளைவிட இதில் நீர் அதிகம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளே நீர் சிறைப்பட்டுப் புளித்துவிடும். எனவே அறுபது டிகிரி, திறந்த கதவு, காத்திருத்தல். ஓரம் சுருங்கி, நடு இன்னும் களியாக நெகிழும் பதத்தில் எடுத்தேன்.

கடைப் பழத்தின் ஆரஞ்சு நிறம் வராது. அது கந்தகப் புகையின் நிறம். இது பழுப்பாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 25

மாலை. விரல் நுனியளவு பிய்த்து அப்பாவின் உதட்டில் வைத்தேன். கண்ணை மூடியபடியே சப்பினார். மூடிய கண்ணுக்குள் ஏதோ அசைந்தது.

"சின்னவன் வந்தானா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"குடுத்துவிட்டான்" என்றேன். "வேலை இருக்காம். வாசலோட போயிட்டான்."

"கறுத்திருக்கே."

"புதுக் கடையாம்."

"நல்லா இருக்கு." இன்னொரு துணுக்குக்கு வாயைத் திறந்தார். "அவனுக்குத்தான்டா தெரியும், எனக்கு எது புடிக்கும்னு. நீ கோச்சுக்காத பெரியவனே."

"கோபம் இல்லப்பா."

பொய். தம்பியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மே 1

நீரும் இறங்குவதில்லை. காலையில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் மாலைவரை கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. இன்று சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கும் குடுத்துவிடுவானா?"

"விடுவான்பா."

பெட்டியில் கடைசியாக ஆறு பழங்கள் இருந்தன. பிளந்து தட்டில் அடுக்கிவிட்டேன். ஓவன் சூடேறிக்கொண்டிருக்கிறது.