டாக்டர் போட்ட சிவப்பு டிக்

என் ஆசை மாமா,

அக்கா நன்றாக இருக்கிறாள். தானே புயல் கொல்லை முருங்கையைச் சாய்த்துவிட்டுப் போனதைத் தவிர வீட்டுக்குச் சேதமில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது, என் கோபம்தான் ஆறவில்லை.

சுனாமிக்கு மறுவருஷம் புதுச்சேரியில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து உங்கள் புராஸ்டேட் சுரப்பியையே எடுத்தார்கள். வருஷா வருஷம் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்து சிதம்பரத்தில் நம் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். நாலு வரைக்கும் நார்மல் என்று ரிப்போர்ட் தாளில் அச்சடித்திருக்கும். உங்களுக்கு முதலில் ஒன்றுக்கும் கீழே, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு டிக். "நார்மல்தான், போயிட்டு வாங்க."

நானும் பெரிய மேதாவி மாதிரி, "பாத்தீங்களா மாமா, நாலுக்கு இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு!" என்றேன். நான் ஓட்டும் குமராட்சி மினிபஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

எலும்புக்குப் பரவிய பிறகுதான் கடலூரில் வேறொரு டாக்டர் சொன்னார்: "அந்த நாலு, சுரப்பி இருக்கறவங்களுக்குங்க. எடுத்துட்டா பி.எஸ்.ஏ. இருக்கவே கூடாது. ஏற ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்." நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஏன் மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை?

டிக் போட்ட அந்த ஆளைச் சும்மா விடுவேனா? செவ்வாய்க்கிழமை தோறும் பஸ்ஸை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு, உங்கள் தாள்களோடு அவர் கிளினிக் பெஞ்சில் போய் உட்காருகிறேன். ரிப்போர்ட்டோடு வரும் பெரியவர்களிடம், "சுரப்பிய எடுத்தாச்சா? அப்ப அந்த நாலு உங்களுக்கு இல்ல. டிக் போட்டா விடாதீங்க, கேளுங்க" என்கிறேன்.

ஒருநாள் அவரே வெளியே வந்தார். "என்னய்யா வேணும் உனக்கு?"

"எங்க மாமா தாள்ல போட்ட டிக்க குறுக்கே கோடு போட்டு அடிச்சுட்டு, தப்புன்னு உங்க கையால எழுதுங்க சார்."

முகம் வெளுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது.

போன வாரம் லால்பேட்டை பாய் ஒருவர் உள்ளே போய்விட்டு வந்தார். "டிக் போடல தம்பி. கொஞ்சம் ஏறியிருக்காம், ஒடனே புதுச்சேரி போவச் சொல்லிட்டாரு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் உங்கள் தாள்களை எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் அவருக்குத் தெரிகிறதுதானே மாமா? உங்களுக்கு ஏன் பார்க்கவில்லை?

மன்னிக்க மாட்டேன். அந்த டிக்கை அவர் அடிக்கும் வரை செவ்வாய்க்கிழமை தவறாது. அடித்த அன்றைக்கு, அதே தாளில் அவர் எழுத்துக்குக் கீழே, நான் சொன்னதும் தப்பு என்று என் கையால் எழுதி அக்காவிடம் கொடுப்பேன்.

நாலுக்குத் தூரம் இருக்கிறதென்று சொல்லி உங்களைச் சிரிக்கவைத்த,
உங்கள் மச்சான்