வண்டி கேட்ட பெட்ரோல்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை சமயநல்லூர் பங்கில் டிரைவிங் ஸ்கூல் காருக்குப் பெட்ரோல் போட நின்றேன். குழாயை எடுக்கும்போது நாலு சொட்டு என் கையில் தெறித்தது. "சாதாவா, பிரீமியமாக்கா?" என்று கேட்டார் பங்க்காரர். "சாதாவே போடுங்க. இந்த வண்டிக்கு அது போதும்" என்றேன். சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது என் பேச்சே இல்லை, உங்கள் பேச்சு. புறங்கையில் அந்த வாசனையோடு விளாங்குடி வரைக்கும் உங்களை நினைத்துக்கொண்டேதான் ஓட்டி வந்தேன்.

நீங்கள் என்னிடம் கார் பழக வந்தபோது உங்களுக்கு நாற்பத்தாறு வயது. மிஷன் ஸ்கூலில் இருபது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவர். முதல் நாளே, "கிளட்ச மிதிச்சா உள்ள என்னம்மா நடக்குது?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. வீட்டுக்குப் போய், படம் வரைந்துகொண்டு மறுநாள் வந்து நீங்களே எனக்கு விளக்கினீர்கள். கார் கற்றுக்கொடுக்க வந்தவள் நான் என்பது உங்களுக்கு மறந்தே போயிற்று.

என் ஷெட்டில் நின்ற பழைய நீலக் காரை நீங்கள் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். மெக்கானிக் காஜா அண்ணன் அதை எனக்காகவே உருமாற்றியிருந்தார். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கொஞ்சம் சீவி, கார்புரேட்டரை மாற்றி, பிளக் பற்றவைக்கும் டைமிங்கை முன்னால் தள்ளி வைத்திருந்தார். கொட்டாம்பட்டிக்கு அப்பால் உள்ள பொட்டல் காட்டில் வருஷத்துக்கு ஒரு போட்டி நடக்கும். மண் தடத்தில் ஒவ்வொரு காராகத் தனியே ஓட்டி நேரம் பார்ப்பார்கள். நான் இரண்டு முறை போயிருந்தேன். முதல் முறை கடைசி இடம். இரண்டாம் முறை பிஸ்டனில் ஓட்டை விழுந்து பாதியில் நின்றேன். டிராக்டர் வைத்து இழுத்து வந்தார்கள். அன்று என் வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை. "இன்னும் ஒரு வருஷம் பாரு முத்து. அதுலயும் இப்படின்னா வித்துருவோம்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒருநாள் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் காரை ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினேன். மூன்றாவது கியரில் மிதித்ததும், தகரடப்பாவுக்குள் சரளைக்கல்லைக் குலுக்குவதுபோல் சத்தம்.

"என்ன சத்தம் இது?"

"இஞ்சின் தட்டுது டீச்சர். ட்யூனிங் பண்ணுன வண்டி அப்படித்தான் இருக்கும்."

"அப்படித்தான்னா? எதுக்குத் தட்டுது?"

பாலம் இறங்கி, வேப்பமரத்து நிழலில் நிறுத்தச் சொன்னீர்கள். கைப்பையிலிருந்து திருத்தாத விடைத்தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் படம் போட்டீர்கள். ஹெட்டைச் சீவியதால் உள்ளே பெட்ரோல் ரொம்ப நெருக்குண்டு போகிறது. பிளக் பற்றவைக்கும் நெருப்பு பரவி வருவதற்குள், தள்ளி இருக்கும் பெட்ரோல் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அடிதான் சத்தம். அதே அடிதான் போன வருஷம் பிஸ்டனைத் தின்றது. "பெட்ரோலோட ஆக்டேன் நம்பர்னா பலம்னு நெனைச்சுட்டு இருக்காங்க முத்து. பலமில்ல, பொறுமை. நெருப்பு வந்து சேர்ற வரைக்கும் பெட்ரோல் பொறுத்திருக்கணும்."

காஜா அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "முப்பது வருசமா வண்டி பாக்குறேன். டீச்சரம்மா புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுது" என்றார். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் உங்கள் மொட்டைமாடிக்கு வரச் சொன்னீர்கள். அங்கே அளவுக்கோடு போட்ட மூன்று நீளக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பத்து மில்லி தண்ணீர். அதன்மேல் சாதா பெட்ரோல் ஒன்றில், பிரீமியம் ஒன்றில், நகரத்துக்குள் ஒரே ஒரு பங்கில் மட்டும் கிடைத்த நூறு ஆக்டேன் ஒன்றில். குலுக்கி வைத்துவிட்டு எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தீர்கள்.

குடித்து முடித்துப் பார்த்தால், முதல் இரண்டு குழாய்களிலும் அடியில் கிடந்த தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மூன்றாவதில் பத்து பத்தாகவே நின்றது.

"தண்ணி எப்படிம்மா கூடுச்சு?" என்றார் காஜா அண்ணன்.

"கூடுனது தண்ணி இல்ல அண்ணே. பெட்ரோல்ல கலந்திருந்த எத்தனால் தண்ணியோட சேந்துருச்சு."

"எத்தனால்னா... சாராயமா? இம்புட்டா!"

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். எத்தனால் கெட்டதில்லை, புது வண்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை என்றீர்கள். நம்முடையது பழைய கார்புரேட்டர். எத்தனால் கலந்தால் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வண்டி அரைவயிற்றோடு ஓடிச் சூடேறும். காஜா அண்ணன் அன்றைக்கே டேங்கைக் கழற்றினார். அடியில் துருவும் தண்ணீருமாக ஒரு குவளை வந்தது. ஊறி உப்பியிருந்த ரப்பர் குழாய்களையும் மாற்றினார்.

ஆனாலும் நீங்கள் ஓரிடத்தில் தவறினீர்கள். அதை எழுதாவிட்டால் உங்களுக்கே பிடிக்காது. கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூடுதலாக விடும் பெரிய ஜெட் போட்டுவிட்டால் பிரீமியமே போதும், நூறு தேவையில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னீர்கள். காலையில் மேம்பாலத்தில் ஏற்றினோம், சத்தமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஏற்றினோம், மறுபடி சரளைக்கல். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "காலை வெயிலுக்குக் கணக்குப் போட்டுட்டேன். போட்டி மத்தியானமில்ல நடக்குது. என் தப்பு முத்து" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் காஜா அண்ணன் உங்கள் பக்கம் வந்தார். பிறகு நூறு ஆக்டேன் நிரப்பி, ஜெட்டை அதற்கேற்ப மாற்றி, அதே வெயிலில் எத்தனை முறை பாலம் ஏறினோமோ! ஒவ்வொரு முறையும் அவர் டைமிங்கை ஒரு மயிரிழை திருப்புவார், நீங்கள் கண்ணை மூடிக் காதைக் கொடுப்பீர்கள். "இதுதான். இதுக்கு மேல தொடாதீங்க அண்ணே" என்றீர்கள் கடைசியில்.

போட்டியன்று பொட்டல் கொதித்தது. சிவப்புக் கார் ஓட்டி வந்த ஒருவர் அதுவரையிலான நேரங்களில் முதலாவதாக இருந்தார். "அக்கா, டிராக்டர் சொல்லி வச்சாச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் வெள்ளைப் புடவையில், குடை பிடித்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் நின்றீர்கள்.

கொடி விழுந்தது. முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது டீச்சர். மிதிக்க மிதிக்க இஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டு போனது. போன வருஷம் நின்ற மேட்டை மூன்றாவது கியரிலேயே தாண்டினேன். தாண்டும்போது நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டி நிறுத்தி, புழுதி அடங்கியபின் மைக்கில் நேரம் சொன்னார்கள். முதலிடம்! கூட்டத்தில் ஒரு விசில் காதைக் கிழித்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள். இரண்டு விரலை வாயில் வைத்து, குடை எங்கோ போய் விழுந்து கிடக்க, வகுப்பே அடங்கி நடுங்கும் கெமிஸ்ட்ரி டீச்சர்! என் வீட்டுக்காரர் காரின் பானெட்டைத் தடவிக்கொண்டு, "இத விக்கச் சொன்ன கிறுக்கன் யாரு?" என்றார்.

அடுத்த போட்டிக்கு நீங்கள் இல்லை. நோய் மூன்று மாதம்கூட விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டதென்று தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள். அதிலிருந்த உங்கள் படத்தைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷப் போட்டிக்கு முன்னால் சிவப்புக் கார்க்காரர் என் ஷெட்டைத் தேடி வந்தார். "அக்கா, என்னதான் ஊத்துறீங்க?" என்று கேட்டார். காஜா அண்ணன் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். உங்களிடம் யாராவது கேட்டு, நீங்கள் பதிலை ஒளித்ததுண்டா? நான் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் தண்ணீர் விட்டுக் காட்டினேன். அவருடைய ஹெட்டுக்கு எது சரி, எது வீண் செலவு என்று படம் போட்டுக் கொடுத்தேன். "போச்சு, கோப்பையை நீயே தூக்கிக் குடுத்துட்ட" என்று காஜா அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போட்டியில் அவர் வண்டி ஒரு தட்டல் இல்லாமல் பறந்தது. அந்தத் தடத்தில் அதுவரை யாரும் எடுக்காத நேரம். அதன் பிறகுதான் என் முறை. இரண்டு வண்டியிலும் சரியான பெட்ரோல், இரண்டு இஞ்சினும் சுத்தம். இனி ஓட்டுகிறவர் கைதான். அரை விநாடி டீச்சர். அந்த அரை விநாடியில் ஜெயித்தேன். முதலில் ஓடி வந்து கைகொடுத்தவர் அவர்தான்.

உங்கள்
முத்துலட்சுமி