பறந்துபோன யூரியா

செவ்வாய், இரவு.

கேரளக் கடலோர விழிஞ்ஞத்தில் கீரை போடும் செல்வி இன்று என் உரக்கடைக்கு வந்தாள். நான் விற்ற யூரியா போலியாம். சுள்ளென்று கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"மண்ணு புளிப்புன்னு பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னா அண்ணாச்சி. சுண்ணாம்பு போட்டு, மறுநாளே யூரியாவ மேல தூவினேன். மூத்திர நாத்தம் தாங்காம பிள்ளைகளோட உள்ள போய் கதவைச் சாத்திட்டேன். கீரை இப்பவும் மஞ்சளாத்தான் நிக்குது, கேட்டோ."

சுண்ணாம்பு போட்ட உடனே யூரியா தூவினால் சத்தெல்லாம் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும், மணல் மண் அதைப் பிடித்து வைக்காது என்றேன்.



"அப்போ நான் கதவைச் சாத்தி வெளிய நிறுத்துனது, என் கீரைக்கான சோத்தையா அண்ணாச்சி?"