தூறலில் தண்ணீர் ஊற்றியவளுக்கு

என் வடிவு,

துவாரகாவில் இன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடக்கிறது. மழை வரும்போலவும் இருக்கிறது, வராதுபோலவும் இருக்கிறது. டில்லி வானம் எப்போதும் இப்படித்தான், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற ஆளைப் போல. நாளை உன் முதல் திதி. கடைக்குப் போகவில்லை. பால்கனியில் உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை. சதர் பஜாரில் பிளாஸ்டிக் பை விற்கிறவனுக்கு என்ன எழுத்து வரும்? கல்யாணமான புதிதில் நீ ஊரிலும் நான் கரோல் பாக்கில் நாலு பேரோடு ஓர் அறையிலும் இருந்தோமே, அப்போதுகூட நலம், நலமறிய ஆவல் என்பதோடு என் பேனா நின்றுவிடும். நீதான் பக்கம் பக்கமாக எழுதுவாய். அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒன்றை வைத்துக்கொள். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அச்சில் வந்தால் நம் மகளுக்கு நானே வாசித்துக் காட்டவேண்டும். அவளுக்குக் கடைப் பெயர்ப் பலகை படிக்கிற அளவுக்குத்தான் தமிழ்.

மெட்ரோ நம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. நீ இருந்தபோது வெறும் தூணாக நின்றவற்றின் மேல் இப்போது ரயில் ஓடுகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். என் ரசத்தைக் குடித்துவிட்டு "அச்சா ஹை அப்பா", நன்றாக இருக்கிறது என்று கூசாமல் பொய் சொல்கிறாள். குழாயில் நல்ல தண்ணீர் இன்னும் காலையில் கொஞ்ச நேரம்தான். மற்றதற்கெல்லாம் அதே போர்வெல், அதே உப்பு, நுரைக்காத அதே சோப்பு.

இவன் எப்போது செடிக்கு வருவான் என்று பார்க்கிறாய். வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்கும் தெரியவேண்டுமில்லையா?

நமக்குப் பால் ஊற்றுகிற பல்பீரின் கிராமம் நஜஃப்கட் தாண்டி இருக்கிறது. மண் வெள்ளை பூத்துக் கிடக்கிற ஊர். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கடல்தான். அங்கே பஸ் நிற்குமிடத்தில் ஒண்ட ஒரு நிழல் கிடையாது. அவர் மகள் பிங்கி கல்லூரிக்குப் போக அந்த வெயிலில்தான் நிற்கவேண்டும். ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். இப்படியாவது படிக்கவேண்டுமா என்று ஊரில் பேச்சு எழுந்தது. நர்சரியிலிருந்து கொண்டுபோய் வைத்த மரக்கன்றுகள் எல்லாம் ஒரு கோடை தாண்டாமல் கருகின. எங்கள் மண் மரத்தைத் தின்கிற மண் என்று அவர் பால் அளந்துகொண்டே உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நீ என்னிடம் சொன்னாய்: "நல்ல தண்ணி குடிச்சு வளந்த கன்னக் கொண்டுபோயி உப்புல நட்டா அது என்ன செய்யும் அத்தான்? மொதல்லயே உப்புக் குடிச்சுப் பழகட்டும். நம்ம போர்வெல் எதுக்கு இருக்கு?"

மறுநாள் பல்பீரிடம் உன் உடைந்த இந்தியில் வாக்குக் கொடுத்துவிட்டாய். அடுத்த வருஷ மழைக்கு நான் மரம் தருகிறேன் அண்ணா, உங்கள் தண்ணீருக்குச் சாகாத மரம் என்று. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாம் நபருக்கு நாள் குறித்து வாக்குக் கொடுக்காதே என்று சொல்லியிருப்பேன்.

அவர் எருமைக்கென்று வைத்திருந்த நெற்றுகளில் ஒரு கட்டு கொண்டுவந்தார். அந்த ஊரில் ஜாண்ட் என்கிறார்கள். நீ ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வன்னி மரம்லா! பிள்ளையாரு கோயில்ல நிக்குமே" என்றாய். உன் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. இந்தியே பேசுகிற ஊரில் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி.

நான் வியாபாரி, பட்டென்று கேட்டேன். வன்னி நிழல் கொடுக்க வருஷக்கணக்காகும், அதற்குள் பிங்கி படித்து முடித்துப் போய்விடுவாளே என்று. நீ அசரவில்லை.

"பிங்கிக்குப் பொறவு அங்க ஒருத்தி நிப்பா அத்தான்."

கடையில் கழித்துப்போட்ட கறுப்புப் பைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அடியில் துளை போதாது என்று அதிலும் குறை கண்டாய். பின்னல் ஊசியை அடுப்பில் காய்ச்சிப் பைக்குப் பை துளை போட்டாய். வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். முளைக்கும்வரை நல்ல தண்ணீர், இலை விட்டதும் பாதிக்குப் பாதி, அப்புறம் முழு போர்வெல் தண்ணீர். பிளாக்கின் பின்பக்கச் சுவரோரம் உன் பைகள் வரிசை கட்டி நின்றன.

அதற்கு சொசைட்டிக் குடித்தனக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தது வேறொன்றுக்கு. தூறல் விழுந்தால் எல்லாரும் கொடியில் துணி எடுக்க ஓடுவார்கள். நீ வாளி எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவாய். மழையில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மதராஸிப் பெண்ணைப் பார்க்க மாடிக்கு மாடி தலை எட்டிப் பார்க்கும். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"ஏட்டி, மழ பெய்யும்போது எதுக்குத் தண்ணி ஊத்துத?"

"இது மழையா? தூறல்லா. மோர்மிளகா காயும்போது உப்பு மேல பூக்கும்லா? தூறல் பட்டா கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும்லா? இங்கயும் அதான். மேல பூத்த உப்ப இந்தத் தூறல் வேருக்கு எறக்கி விட்டுட்டுப் போயிரும். நாமதான் நெறைய ஊத்தி அடிவழியா வெளிய தள்ளணும். ஊத்துனா அடி ஒழுகுற மட்டும் ஊத்தணும், இல்லன்னா ஊத்தவே கூடாது. சும்மா நிக்காம ஒரு வாளி தூக்குங்க."

தூக்கினேன். பாதி புரிந்தது. மீதி முதுகுவலியாகத்தான் புரிந்தது.

அப்புறம் மாசி வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. உன் அஸ்தியைத் தாமிரபரணியில் கரைக்க ஊருக்குப் போனேன். காரியமெல்லாம் முடியுமட்டும் அங்கேயே இருந்தேன். செடியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாருக்கு அந்த நினைப்பு?

ஒருநாள் ஊருக்கு போன் வந்தது. எதிர் வீட்டு சுனிதா பாபி, நம் ஊர்ப் பேச்சில் அண்ணி. கவலைப்படாதீர்கள் பாய்சாப், வடிவுஜியின் செடிகளை நாங்கள் எல்லாருமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அந்தக் கரிப்புத் தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லையாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினம் ஒரு மக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார்களாம்.

டேங்கர் வந்தால் வாளியோடு முட்டிமோதுகிற நம் காலனியில், குடிக்கிற தண்ணீரைப் போய் உனக்காக மண்ணில் ஊற்றுகிறார்கள் வடிவு. போனை வைத்துவிட்டு அழுதேன். நீ போன பிறகு அன்றுதான் எனக்கு வாய்விட்டு அழ வந்தது. ஆனால் அழுத நேரத்தில் யோசிக்கவில்லை.

டில்லிக்குத் திரும்பியதும் பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே சுவரோரம் போனேன். பாதிச் செடிகளில் இலை நுனி தீய்ந்திருந்தது. சில பைகளில் வெறும் குச்சி. மண்ணோ கறுப்பாக, துடைத்துவிட்டது போல இருந்தது. வழக்கமாக மேலே பூத்திருக்கும் வெள்ளையைக் காணோம். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் பார்த்தீர்களா என்றாள் பாபி.

கடையில் முன்பக்கம் சரக்கைக் காணோமென்றால் என்ன அர்த்தம்? பின்னால் கிட்டங்கிக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். தினம் ஒரு மக். தினம் ஒரு தூறல். அத்தனை உப்பையும் அந்த நல்ல தண்ணீர் வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. உன் வாக்கு அங்கே நுனி தீய்ந்து நிற்கிறது. மழைக்கு இன்னும் சில மாதம்தான்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் போர்வெல் குழாயைத் திறந்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். பாபி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டி போன துக்கத்தில் இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருக்கிறாள்.

"பாய்சாப், என்ன செய்றீங்க? அவங்க குழந்தைங்க இது. ஏன் கொல்றீங்க?"

என் வாய் உனக்குத் தெரியும். கடையில் மனசில் பட்டதைச் சொல்லி எத்தனை பேரைப் பகைத்திருக்கிறேன். அன்று அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் அப்படிப் பேச மனசு வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. நாளைக்கும் அவள் மக்கோடு வந்து நிற்பாளே.

"பாபி, உங்க மனசு பெருசு. மக் சின்னது," என்றேன்.

மோர்மிளகாய்க் கதையை அவளுக்கு எப்படிச் சொல்வது? மாங்காய் ஊறுகாய்க்கு வெயிலில் துண்டு காயவைப்பாளே, அதை வைத்துச் சொன்னேன். கேட்கக் கேட்க அவளுக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் கையாலேயே கொன்றுவிட்டோமா என்று கேட்டாள். உன்னிடமே கேட்கிறேன், நீ என்ன சொல்லியிருப்பாய்?

எனக்கு உன் பேச்சுதான் வாயில் வந்தது. சும்மா உட்காராமல் ஒரு வாளி தூக்குங்கள் என்றேன். அவள் தூக்கினாள். கீழ்வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள், மேல்வீட்டிலிருந்து ஒருத்தி. நீ போட்ட துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பீறிட்டு ஒழுகி, சுவரோரம் வாய்க்காலாக ஓடியது. உன் பின்னல் ஊசியை நான் கேலி பண்ணியிருக்கிறேன். என் கடைத் துளையை நம்பியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

கருகியது கருகியதுதான். மிச்சத்தில் புதுத் துளிர் வர வெகுநாள் ஆயிற்று. தினமும் கடைக்குப் போகுமுன் குனிந்து குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் காலை பாபி பால்கனியிலிருந்து, "பாய்சாப், பத்தா ஆ கயா!" என்று கத்தினாள். இலை வந்துவிட்டதாம். சேலை கட்டிய பட்டாளமே கீழே இறங்கிவிட்டது.

ஆடியில் கொண்டுபோய் நட்டோம். நீ வளர்த்த எண்ணிக்கை இல்லை, அதை ஒளிக்கமாட்டேன். ஆனால் பஸ் நிற்குமிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற அளவுக்கு இருந்தன. குழிகளைத் தோண்டியது பல்பீர்தான். ஒவ்வொரு குழியிலும் பையைக் கிழித்துக் கன்றை இறக்கியபோது உன் பெயரை மட்டும் முணுமுணுத்தார். வடிவு என்று வராது அவருக்கு, 'படிவு பெஹன்', தங்கை படிவு.

போன மாசம் பிங்கியிடமிருந்து போன். அங்கே தூறிக்கொண்டிருந்தது. காதைக் கிழிக்கிற சிரிப்பு.

"அங்கிள், ஆன்ட்டி சொன்ன மாதிரி வாளியோட நிக்கிறேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாம் என்னைப் பாகல், பைத்தியம்ங்கிறாங்க."

"சொல்லட்டும். அடி ஒழுகுதா?"

"தரையில எப்படி அங்கிள் ஒழுகும்? ஆனா நல்லா இறங்குது. புதுசா காலேஜ் சேர்ந்த ஒருத்தி ரெண்டாவது வாளியைத் தூக்கிட்டு வர்றா."

பிங்கிக்குப் பிறகு ஒருத்தி. நீ சொன்னவள்தான். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

எழுதிக்கொண்டே இருக்கிறேன், தாளில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. என் கண்ணில்லை, வானம்தான். விலை கேட்டவன் கடைசியில் வாங்குகிற ஆள் போலிருக்கிறது. சுவரோரம் இந்த வருஷத்து வன்னிகள் நிற்கின்றன. ஊசியால் துளை போட்டது நான்தான், கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. எதிர் வீட்டில் வாளிச் சத்தம் கேட்கிறது. பாபி எனக்கு முந்திவிட்டாள்.

இனி இந்த ஊரில் தூறல் விழுகிற நாளில் நான் குடை தேடமாட்டேன் வடிவு. அடி ஒழுகுமட்டும் ஊற்றுவேன். மூச்சு வாங்கினால் திட்டாதே, நின்று நின்று ஊற்றுவேன்.

வாளி தூக்கப் போகிறேன்,
உன் அத்தான்