பிரிம்ரோஸின் முன்னங்கால்கள்

ஸ்கார்பரோ,
ஜனவரி 6, ஞாயிறு

அன்புள்ள தம்பி கிளெமெண்டுக்கு,

அக்கா எனிட் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அபர்டீனில் உன் மகனுக்கு நேற்று மட்டும் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் 'அப்பா கடற்கரைக்கு நடக்கப் போயிருக்காரு அத்தை' என்கிறான். அந்த ஊர்க் குளிரில் எந்தக் கிறுக்கன் நாளைக்கு மூன்று தடவை கடற்கரைக்குப் போவான்? பக்கத்தில் நின்றுகொண்டு நீ கை ஆட்டியது எனக்குத் தெரியாதா?

இங்கே உன் வீட்டுச் சமையலறைக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. ஆள் வைத்து அடைத்தாயிற்று. கோபித்துக்கொண்டு ரயில் ஏறுகிறவன் தண்ணீரையாவது மூடிவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று நம் பாண்டமைம் தொடங்கியது, வருஷா வருஷம் குழந்தைகளுக்காகப் போடுகிற அதே சிரிப்பு நாடகம்தான். சர்ச் ஹாலில் குழந்தைகளும் பெற்றோருமாக உட்கார இடமில்லை. உன் இடத்தில், நம் துணிப்பசுவின் முன்னங்கால்களுக்குள், யாரை விட்டார்கள் தெரியுமா? வங்கியில் வேலை பார்க்கிற அந்த நெட்டையன் லயனலை. அவன் ஆறேகால் அடி, பின்னங்கால்களுக்குள் நான் ஐந்தடி. பிரிம்ரோஸ் பசு மாதிரியா இருந்தாள்? முன்பக்கம் ஒட்டகச்சிவிங்கி, பின்பக்கம் ஆட்டுக்குட்டி. உன் இடுப்பைப் பிடித்தால் அடுத்து எந்தக் கால் என்று எனக்குத் தெரிந்துவிடும். இவன் 'லெப்ட், ரைட்' என்று வாய்விட்டு எண்ணுகிறான். முன்வரிசையில் ஒரு சிறுமி 'அம்மா, மாடு பேசுது' என்று கத்த, ஹாலே சிரித்தது.

நம் இறைச்சிக்கடை ஹொரேஸ், அம்மா வேஷத்தில் பாவாடையும் சிவப்பு விக்குமாக, பசுவைச் சந்தைக்கு அனுப்பி அழுகிற காட்சி வந்தது. வருஷா வருஷம் குழந்தைகள் 'விக்காதே, விக்காதே' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள் அல்லவா? நேற்று பாதிப் பேர் 'வித்துடு' என்றார்கள். திரைக்குப் பின்னால் ஹொரேஸ் என்னிடம் சொல்கிறான், 'கடையில தலையில்லாத மாட்டயே வித்துடறேன். இத எவன் வாங்குவான் எனிட்?'

ரொட்டிக்கடையில் மேவிஸ் எல்லார் காதிலும் விழும்படி 'தம்பிய ஊரவிட்டே தொரத்திட்டியாமே' என்று கேட்கிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. கிளெமெண்டை இந்த வருஷம் பசுவுக்குள் விடாதே என்று இயக்குநர் நெவிலிடம் சொன்னது நான்தான். அவராகக் கண்டுபிடித்திருப்பாரா? மேடையில் தீப்பிடித்தாலும் அவரிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு நீ ஒத்திகையில் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாய்? 'இவளுக்கு முன்னங்கால் கெடைக்காத வயித்தெரிச்சல்.' முன்னங்காலாம், பெரிய முன்னங்கால். கண்ணிமையை ஆட்டுகிற கயிறு உன் கையில், வாலை ஆட்டுகிற கயிறு என் கையில். எனக்கு வாலே போதும்.

உள்ளே நடப்பது வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நீ நிமிர்ந்து நிற்பாய். நான் குனிந்து என் நெற்றியை உன் முதுகில் வைத்துக்கொண்டு நிற்பேன். போன வருஷம் மூன்றாம் நாள், நடனம் முடிந்ததும் உன் முதுகுக்குள் கேட்டதை நான் கேட்டேன். மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. வெளியே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். 'என்னடா' என்றேன். 'தூசிக்கா' என்றாய். இந்த நவம்பர் ஒத்திகையில் அதைவிட மோசம். அப்பாவும் தூசி என்றுதான் சொன்னார். அந்த ஈஸ்டருக்குள் போய்ச் சேர்ந்தார்.

டாக்டரிடம் போ என்று உன்னிடம் எத்தனை தடவை கெஞ்சினேன்? ஒவ்வொரு தடவையும் 'பாண்டமைம் முடியட்டும்' என்றாய். அதனால்தான் பாண்டமைமையே உன்னிடமிருந்து பிடுங்கினேன். சாக்கு போனால் ஆஸ்பத்திரிக்குப் போவாய் என்று நினைத்தேன். நீ ரயிலேறுவாய் என்று நினைக்கவில்லை. எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை, கிளெமெண்ட். பயமும் அவ்வளவு இருக்கிறது.

வருகிற வியாழன் காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் உன் பெயரில் நேரம் வாங்கிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். புதன் மாலை ஸ்டேஷனில் நிற்பேன். நீ வராவிட்டால் அடுத்த வண்டிக்கும் நிற்பேன்.

பத்தொன்பது வருஷமாக, எங்கே போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருட்டில் உன் பின்னால் நடந்திருக்கிறேன். மேடை விளிம்பு தெரியாமல் இருவரும் பியானோக்காரி மடியில் போய் விழுந்தோமே, அந்த வருஷம்கூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரே ஒரு நாள் நான் முன்னால் நடக்கிறேன். நீ ஒன்றும் கேட்காமல் பின்னால் வா.

கர்த்தர் உனக்கு நல்ல மூச்சைத் தரட்டும்.

உன் அக்கா,
எனிட்