பத்திரிகையில் போட்ட பட்டம்

பிராம்டன், கனடா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் உங்கள் பட்டத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே "ஷிப்டுக்கு டைம் ஆவுது வேணி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

என் எம்.எஸ்சி. இங்குள்ள படிப்புக்குச் சமம் என்று மதிப்பீடு வந்துவிட்டது. ஆனாலும் நாம் இருவரும் இங்கே குடியேறச் சில புள்ளிகள் குறைகின்றன. உங்கள் பி.எஸ்சி.க்கும் மதிப்பீடு வந்தால் கிடைத்துவிடும். மார்க் பட்டியலைப் பல்கலைக்கழகமே சீல் வைத்து நேராக அனுப்ப வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன்.

அக்டோபரில் இங்கே வேலை செய்வதற்கான என் பர்மிட் முடிகிறது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மூன்று வருடம் பிரிந்தே போய்விட்டது, மாமா. போதும்.

உங்கள்
அம்சவேணி


வரதய்யபாளையம்
ஆந்திரப் பிரதேசம்
3 மார்ச் 2025

அன்பு வேணிக்கு,

கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படிவத்தை நாராயணவனத்தில் பெருமாள் பாதத்தில் வைத்து வாங்கினேன். நம் கல்யாணம் நடந்த அதே கோவில்.

லீவு போட்டு இரண்டு தடவை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கிளார்க், "ரேப்பு ரண்டி, நாளைக்கு வாங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள். அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன்
ஆதிகேசவன்


பிராம்டன்
25 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கிளார்க்கின் நாளைக்கு முடிவே இல்லை. தம்பி முரளிதரனிடம் சொன்னேன். "மாமா ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும்க்கா, நான் அங்கியே ஒக்காந்துகினு அனுப்ப வைக்கிறேன்" என்கிறான். இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

உங்கள்
அம்சவேணி


வரதய்யபாளையம்
13 ஏப்ரல் 2025

வேணி,

முரளி வந்தான். கையெழுத்துப் போடவில்லை. பல்கலைக்கழகத்தில் என் பெயரில் பட்டமே இல்லை.

கடைசி வருடம் ஒரு கணக்குப் பேப்பர் ஃபெயில். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது என் நைனாதான், "பொண்ணு எம்.எஸ்சி., புள்ள பேருக்குப் பின்னால ஒண்ணுமில்லன்னா சபையில இன்னா மரியாத? பி.எஸ்சி.ன்னு போடுப்பா. ஒரு பேப்பர்தான, எய்திக்கினா போச்சு" என்றார். அச்சுக்குப் போகுமுன் பார்த்துச் சரி சொன்னவன் நான். பிறகு பரீட்சைக்குப் பணம் கட்டினால் உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். கிளார்க் சொன்னதாக எழுதியதும் பொய். கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

நான் வரவில்லை என்று எழுதினால் உன்னைத் தனி ஆளாகக் கணக்கிடுவார்கள், புள்ளி கூடும் என்று இங்கே விசா வேலை பார்ப்பவர் சொன்னார். அப்படியே போட்டுவிடு. என்னால் உன் உழைப்பு வீணாகக் கூடாது.

ஆதிகேசவன்


பிராம்டன்
11 மே 2025

மாமாவுக்கு,

இருபது நாள் கையில் பேனாவையே எடுக்கவில்லை. அத்தனை கோபம்.

ஃபெயிலானதற்காக இல்லை. நான் எம்.எஸ்சி. படித்ததே கணக்குதானே? எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறு மாதத்தில் உங்களைப் பாஸ் பண்ண வைத்திருப்பேன்.

'கணவர் உடன் வரவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். புள்ளி போதும் என்று பதிலும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குச் சான்றாகப் பத்திரிகையும் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். அதை வைக்கவில்லை, பதிவுச் சான்றிதழை மட்டும் வைத்தேன்.

அந்த டிக் படிவத்துக்கு மட்டும்தானா, நம் வாழ்க்கைக்குமா என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று நானும் உங்களுக்கு எழுத வேண்டாம்.

வெயில் அதிகம் என்றான் முரளி. ஷிப்டுக்கு மோர் எடுத்துப் போங்கள்.

அம்சவேணி